மழைக்கு முன்னால் ஒரு சக்கர வீடு

சட்டையை ஊறப்போடும் முன் பையைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். பேனா இருந்தால் மற்ற துணியெல்லாம் பாழாகும் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் அதுவல்ல.

அன்றைக்கு இவருடைய காக்கிச் சட்டைப் பையில் இரண்டு ரிவிட் ஆணி, ஒரு பென்சில் துண்டு, மடித்து வைத்த ஒரு துண்டுத் துணி இருந்தன. விரலால் பிரித்தேன். கத்திரிப்பூ நிறம். ஓரம் வளைவாக வெட்டியிருந்தது. ஜாக்கெட் தைக்கும்போது கழுத்துப் பக்கம் வெட்டி எடுத்த துணி என்பது பார்த்த உடனே தெரிந்தது.

என்னிடம் அந்த நிறத்தில் ஜாக்கெட் கிடையாது.

துணியை மோந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. திரும்ப மடித்து, இருந்த மாதிரியே பையில் வைத்து, அந்தச் சட்டையை மட்டும் துவைக்காமல் கொடியில் மாட்டினேன். வாசல் பக்கம் எலெக்ட்ரிக் ரம்பம் பலகையை அறுத்துக்கொண்டிருந்தது. மரத்தூள் வாசனை வீட்டுக்குள் வந்தது.

டிபன் கடையா, ஐஸ் வண்டியா?

பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் எழுத்தராக இருந்த கதையைப் போன வாரங்களில் இந்தத் தொடரில் எழுதினேன். பிறந்த தேதியைத் திருத்திக் கொண்டுவரும் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கண் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

இவர், என் வீட்டுக்காரர் காசிநாதன், பஸ் பணிமனையில் பாடி கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடம் ஒழுங்காக இருந்தார். அதற்கடுத்த ஆவணியில் ஒரு நாள், மதுரைப் பக்கம் யாரிடமோ வாங்கியதாகச் சொல்லி, சாமான் ஏற்றும் பழைய இழுவை வண்டி ஒன்றைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம். அவ்வளவுதான்.

"என்னத்துக்குங்க இது?"

"ஒரு ரூம் மாதிரி கட்டப் போறேன். ஜீப்பு பின்னால மாட்டி இழுக்கலாம். போற எடத்துல படுத்துக்கலாம்."

"எங்குட்டுப் போகப் போறீக?"

"கட்டுனா எங்குட்டாச்சும் போகலாம்ல."

முப்பத்தைந்து வருடத்தில் என்னை மதுரையைத் தாண்டிக் கூட்டிப்போகாத மனிதர் இப்படிச் சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

தெருவும் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் டிபன் கடைதான் என்று அடித்துச் சொன்னார். பால்காரர் ஐஸ் வண்டி என்றார். ஜன்னல் சின்னதாக, கதவு கெட்டியாக இருப்பதைப் பார்த்த ஒருவர், பழைய வீட்டுக் கதவு, தூணெல்லாம் கடத்துவதற்கோ என்று என் காது படவே பேசினார். இவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் நம்பவில்லை.

நான் குறித்து வைத்தவை

இரும்புச் சட்டத்தின் மேல் சதுரக் குழாய்களை நிறுத்தி வெல்டிங் வைத்தார். அதன்மேல் தண்ணீருக்கு உப்பாத பிளைவுட். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். கட்டில் அடித்த அன்றைக்கு, இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அளந்தேன். இரண்டரை அடி அகலம்.

இரண்டரை அடியில் ஒரு ஆள்தான் படுக்க முடியும்.

கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். வெளியே ஏறுவதற்கு ஒரு படி போதும். இவர் இரண்டு படி வைத்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தார். இவர் ஆறடி. இவருக்கு எதற்குக் கைப்பிடி?

போன் வந்தால் எலுமிச்சை மரத்தடிக்குப் போய்விடுவார். நான் அங்குட்டுப் போனால், "சரி, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்.

எல்லாவற்றையும் விட உறுத்தியது இவருடைய அவசரம். "ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சாகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். ஊர் சுற்றப் போகிறவனுக்கு ஐப்பசி என்ன கணக்கு? மழை விட்டதும் போகலாமே.

பிறகு பெயின்ட் வந்தது. இந்த மனிதர் வெள்ளையும் காக்கியும் தவிர எதையும் தொட்டவரில்லை. டப்பாவைத் திறந்தால் கத்திரிப்பூ நிறம்.

அப்பாவின் லாரி

நான் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய விஷயம்.

என் அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் நாலு நாள் வெளியூர். எனக்குப் பதினொரு வயதிருக்கும். லாரி வீட்டு வாசலில் நின்றால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் ஏறி விளையாடுவேன். டீசலும் பீடியும் கலந்த வாசம் எனக்கு அப்போது ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் பலகைக்கு அடியில் ஒரு குழந்தைச் செருப்பு கிடந்தது. சிவப்பு. வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தது. எனக்கு வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அது நாலு வயதுப் பிள்ளையின் கால் அளவு. அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது. வேறு ஊர், வேறு பெண், ஒரு மகள். அடுத்த பொங்கலுக்கு அப்பா வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

ஆண்கள் வண்டியில் எதை வைத்திருப்பார்கள் என்று எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். சட்டைப் பையைத் துழாவும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இண்டு இடுக்கெல்லாம்

இவர் வண்டிக்கு வெளிப்பக்கம் அலுமினியத் தகடு போர்த்தினார். பக்கத் தகடுகள் முதலில். கூரைத் தகடு அவற்றின் மேல் ஓட்டு வரிசை மாதிரி கவிந்து இறங்க வேண்டும், தண்ணீருக்கு ஏறிப் போகத் தெரியாது என்றார். மூலைகளில் கறுப்பு ரப்பர் நாடா ஒட்டி, அதன்மேல் மடக்குப் பட்டி வைத்து ரிவிட் அடித்தார். துப்பாக்கி மாதிரி ஒன்றில் பசைக் குழாயை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, சந்து முழுக்க ஒரே இழுப்பாக இழுப்பார். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதை வழித்துவிடுவார். புளிச்ச வாசம் வரும்.

ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் ஒரு பொட்டுப் பசை. ஜன்னலுக்கு மேலே, வழிகிற தண்ணீரை ஒதுக்கிவிட ஒரு சின்ன விளிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தார். வீட்டில் ஓட்டை விழுந்த தகரக் கொட்டகையைப் பத்து வருடமாகப் பார்க்காதவர், இந்தப் பெட்டியை நகை மாதிரிப் பார்த்தார்.

யாருக்காக? நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். நேரம் பார்த்துக் காத்திருந்தேன்.

புரட்டாசி முடியும் நேரம், ஒரு காலைப்பொழுது, என்னைக் கூப்பிட்டார்.

"மலரு, நீ உள்ள போயி உக்காரு. நான் வெளிய இருந்து தண்ணி அடிக்கிறேன். எங்க ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லு."

டார்ச்சைக் கையில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். கதவு மூடியது. உள்பக்கத்துப் பலகை இன்னும் அடிக்கவில்லை. இரும்புக் குழாய்கள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. வெளியே தண்ணீர் தகட்டில் விழுந்த சத்தம் காதை அடைத்தது. முதலில் அடிப்பக்கம், பிறகு ஜன்னல், பிறகு கூரை. கீழேயிருந்து மேலே போக வேண்டுமாம்.

தலைமாட்டு மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது கட்டில் மேல் இவருடைய போன் அதிர்ந்தது. நனையக் கூடாது என்று உள்ளே வைத்திருக்கிறார். பெயர் வரவில்லை, நம்பர் மட்டும்.

எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை.

"அண்ணே," என்றது ஒரு பெண் குரல். "ராத்திரி பூரா ரோசனை. எனக்கு இது வேணாம்ணே. மதினிக்குத் தெரியாம எப்புடிக் கொண்டாருவீக? தெரிஞ்சா ஒங்களச் சும்மா விடுவாகளா?"

பன்னிரண்டு வருடமாகக் கேட்காத குரல். இருந்தும் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

நான் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிறகு மெதுவாக, "மதினியா?" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

பஞ்சவர்ணம்

பஞ்சவர்ணம் இவருடைய ஒரே தங்கை. கீழச்சிவல்பட்டியில் கட்டிக்கொடுத்தது. தையல்காரி. புருஷன் இறந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் இருந்தாள்.

அப்போது என் சங்கிலி காணாமல் போனது. மூன்று பவுன். நான் யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் அவள் குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். அவளுடைய புருஷன் சட்டை ஒன்று அடியில் இருந்தது. அதன் பையிலும் கையை விட்டேன்.

நிமிர்ந்தால் ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றாள்.

நான் உதறிப் போட்டதையெல்லாம் மடித்து வைத்து, அன்று சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இனி எழுதப் போவதை இவரிடம்கூட அதுவரை சொன்னதில்லை. எட்டு மாதம் கழித்து, சுவருக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது, இழுப்பறைக்குப் பின்னால் அந்தச் சங்கிலி கிடைத்தது. தூசி பிடித்து, சிலந்தி நூலோடு. வெள்ளையடிக்கிறவர்கள் பார்க்குமுன் மடியில் கட்டிக்கொண்டேன். மறுநாளே பேங்க் லாக்கரில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாளும் போட்டதில்லை.

சக்கரத்தை யாரு கேக்க முடியும்

வண்டியை விட்டு இறங்கினேன். இவர் கையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க ஒழுகுது?"

"பஞ்சு பேசுனா."

குழாயைக் கீழே போட்டார். அது பாம்பு மாதிரி புரண்டு என் சேலையை நனைத்தது. பைப்பை அடைக்கப் போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அவளுக்கா இது?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப, மலரு?"

நானே போய்ப் பைப்பை அடைத்தேன். பிறகு அவர் சொன்னார். போன ஐப்பசி மழையில் பஞ்சு இருந்த பக்கத்துக் கூரை இறங்கிவிட்டது. மெஷினை மேசை மேல் ஏற்றி வைத்து, குடை பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடம் புருஷன் வழிப் பங்காளிகள் ஒன்பது பேருக்குப் பொது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார்.

"ஒரு செங்கல்ல வச்சாலும் சண்டைக்கு வருவாக. செவரு எழுப்புனாத்தானே கேப்பாக? சக்கரம் வச்சு நிக்கிறத யாரு கேக்க முடியும்?"

"இங்க கூட்டியாந்திருக்கலாம்ல?"

"கூப்புட்டேன். வரல."

ஏன் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நானும் கேட்கவில்லை. முழங்கால் வலியால் அவளுக்குப் படி ஏறுவது கஷ்டம் என்றார். அந்த நிறம் அவளாகக் கேட்டது. சின்னதில் இருந்தே அதுதான் பிடிக்கும், பெயின்ட் கடையில் காட்ட ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள் என்றார்.

இதையெல்லாம் நான் உடனே நம்பினேன் என்று நினைக்காதீர்கள். வேறு பெண் இல்லை என்று நிம்மதி வந்த அதே நிமிடத்தில், இரண்டு பேரும் இன்னும் எதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள் என்ற எண்ணமும் வந்தது. என் குணம் அப்படி.

சேலையைப் பிழிந்துவிட்டு, "தலைமாட்டு மூலையில சொட்டுது," என்றேன்.

"அங்க சந்தே இல்லியே."

"நான் பாத்தேன். சொட்டுது."

சமையலறையிலிருந்து கோலமாவை எடுத்துவந்தேன். உள்ளே ஏறி, இரும்புக் குழாய்களின் மேல்பக்கம் முழுக்கத் தூவினேன். "இப்ப அடிங்க," என்று கத்தினேன்.

மாவில் ஈரக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்து வந்தது. தலைமாட்டில் இருந்து அதைப் பின்தொடர்ந்து டார்ச் அடித்துக்கொண்டே போனேன். குழாயோடு குழாயாக ஐந்தடி ஓடி, நேர் எதிர் மூலைக்குப் போனது. அங்கே ஒரு ரிவிட் சரியாகப் பிடிக்கவில்லை. கடுகு அளவு ஓட்டை. தண்ணீர் ஒரு மூலையில் புகுந்து இன்னொரு மூலையில் இறங்கியிருக்கிறது. இவர் தனியாகப் பார்த்திருந்தால் சொட்டும் மூலையில்தான் பசையை அப்பியிருப்பார்.

ரிவிட்டை அறுத்து எடுத்துப் பெரிதாக ஒன்று அடித்தார். அதற்கு மேலே பசையை நான் வைத்தேன். தடவினேன், காயவிட்டுத் திரும்ப வைத்தேன். அன்பினால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஒரு சொட்டு ஒழுகினாலும், மதினிதான் ஓட்டை போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று பஞ்சு நினைப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

மூன்று நாள், வேளைக்கு ஒரு முறை தண்ணீர் அடித்துப் பார்த்தோம். கடைசி நாள் மாவு மாவாகவே இருந்தது. பிறகு உள்பக்கப் பலகை, கடைசிப் பூச்சு. கத்திரிப்பூ நிறத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் கரை. கரை என் யோசனை. சேறு தெறித்தால் தெரிய வேண்டும், கழுவலாம் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாடகைக்குப் பிடித்த ஜீப்பின் பின்னால் மாட்டி இவர் கொண்டுபோனார். நான் போகவில்லை.

மழை

அந்த வருடம் ஐப்பசி பிறந்து பத்து நாளில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இவர் காலையும் மாலையும் தங்கைக்குப் போன் போட்டார். "நல்லா இருக்காம்" என்றார் என்னிடம். மூன்று நாளும் அதே இரண்டு வார்த்தை.

எனக்கு அது பொய்யாகப் பட்டது. ஒழுகினாலும் அவள் சொல்ல மாட்டாள். சொன்னாலும் இவர் என்னிடம் சொல்ல மாட்டார். நாலாம் நாள், பேங்க்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேங்க்குக்கும் போனேன். அங்கிருந்து திருப்பத்தூர் பஸ் ஏறினேன்.

கீழச்சிவல்பட்டியில் இறங்கும்போது தூறல். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பாதி இடிந்த வீட்டின் பக்கவாட்டில், காலி இடத்தில், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து அது நின்றது. சுற்றிலும் சேறும் கறுத்துப் போன சுவரும். அந்த நிறம் மட்டும் பளிச்சென்று இருந்தது. உள்ளேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது.

குடையோடு நின்றேன். மெஷின் நின்றது. கதவு திறந்தது.

பஞ்சுவின் தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் டேப் தொங்கியது. வாயில் இருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒழுகுதான்னு பாக்க வந்தீகளா, நான் இதுல இருக்கேனான்னு பாக்க வந்தீகளா?"

"ரெண்டுந்தான்."

"ஒழுகல."

"மூலையில கை வச்சுப் பாத்தியா?"

"தெனமும் வச்சுத்தான் பாக்குறேன். எனக்கும் நம்பிக்கை இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மழை சற்று வலுத்தது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கைப்பையைத் திறந்து, லாக்கரில் இருந்து எடுத்த அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினேன்.

"பஞ்சு, சங்கிலி கெடச்சிருச்சு. அப்பவே. நீ போயி எட்டு மாசத்துல. பீரோவுக்குப் பின்னால கெடந்துச்சு. நான் யாருட்டயும் சொல்லல."

அவள் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எங்கயாச்சும் கெடச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா மதினி? நான்தான் எடுக்கலையே."

நான் அங்கேயே நின்றேன். குடையில் விழுந்த மழை என் தோளில் வழிந்தது. வெயில் காலமாக இருந்தால் திரும்பி நடந்திருப்பேன்.

பஞ்சு கட்டிலில் பரப்பியிருந்த துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஒரு ஆள் உட்காரும் இடம் உண்டானது. பிறகு என்னைப் பார்க்காமலே மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏறி வாங்க. வந்து கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது. ஊர்க்காரவுக துணி நனஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவைச் சாத்தினேன்.